வோல்ட்டும் ஆம்பியரும் கையில் இருந்தால் போதும்: வீட்டு மின்தடையையும் வாட்டையும் நீங்களே கணக்கிடலாம்

போன மார்கழியில் எங்கள் மாடி வீட்டுக் குளியலறை கீசர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வெந்நீர் வர நேரம் பிடித்தது. கீசரைப் போட்டால் பக்கத்து அறை விளக்கு மங்கியது. பிளக்கைத் தொட்டால் சுட்டது. முதலில் வந்தவர் காயில் போய்விட்டது என்று புதுக் காயில் மாட்டினார். கூலியோடு 1,150 ரூபாய். சுடுவது நிற்கவில்லை. அடுத்தவர் பிளக் டாப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போனார், அதுவும் இரண்டு முறை. மூன்றாமவர் கீசரே பழசு, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். 7,000 ரூபாய்க்கு வாங்கக் கிளம்பியும் விட்டேன். அதற்கு முந்தைய நாள் நண்பர் ஒருவர் தன்னுடைய டாங் டெஸ்டரைக் கொடுத்து, "வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணை மட்டும் அளந்து பாரு" என்றார்.

அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. கீசரில் குறையே இல்லை. சுவருக்குள் ஒரு ஜாயிண்ட் மெல்லக் கருகிக்கொண்டிருந்தது. மூன்று பேர் வந்து போயும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் யாரும் அளந்து பார்க்கவில்லை. நீங்கள் அந்தச் செலவும் பயமும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட இயற்பியல் மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. பெருக்கலும் வகுத்தலும் வந்தால் போதும்.

1. நான்கு வரிக் கணக்கு

இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (மின்தடை, அதாவது கரண்ட் ஓட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பு; கரண்ட் கட் அல்ல)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)
ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = வாட்
வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட்

கடைசி இரண்டும் முதல் இரண்டிலிருந்து வந்தவைதான். ஆனாலும் தனியாக எழுதி வைப்பது நல்லது. ஒயரில் எவ்வளவு சூடு கிளம்புகிறது என்று பார்க்க மூன்றாவது வேண்டும். சாதனத்தின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைச் சரிபார்க்க நான்காவது வேண்டும்.

உதாரணமாக, கீசர் லேபிளில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். 230 ÷ 8.7 = ஏறத்தாழ 26.4 ஓம். இந்த 26.4 ஓம்தான் அந்தக் காயிலின் அடையாளம். வீட்டுக்கு வரும் வோல்ட் ஏறலாம், இறங்கலாம். நல்ல காயிலின் ஓம் பெரிதாக மாறாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு இது 53 ஓம். 3000 வாட் உடனடி கீசருக்கு 17.6 ஓம்.

வோல்ட் குறைந்தால் வாட் அதே விகிதத்தில்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓம் மாறாததால் வாட் வோல்ட்டின் வர்க்கமாகக் குறையும். 230க்குப் பதில் 190 வந்தால், 2000 வாட் கீசர் தருவது 1,365 வாட்தான். மாலையில் கரண்ட் மந்தமாக வரும் ஊரில் தண்ணீர் சூடாகவில்லை என்றால், காயிலைச் சந்தேகப்படுவதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள்.

2. என்ன வாங்க வேண்டும்

வோல்ட்டும் ஓமும் அளக்க மல்டிமீட்டர் ஒன்று, ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கக் கிளாம்ப் மீட்டர் ஒன்று. கிளாம்ப் மீட்டரைத்தான் கடைகளில் டாங் டெஸ்டர் என்பார்கள். வோல்ட்டும் ஓமும் காட்டும் கிளாம்ப் மீட்டராகவே வாங்கினால் ஒன்றே போதும். நண்பருடையதைத் திருப்பிக் கொடுத்த பிறகு நான் வாங்கியது 1,400 ரூபாய். 300 ரூபாய்க்கும் மல்டிமீட்டர் கிடைக்கிறது. வீட்டு மெயின் கரண்டில் அதை நுழைக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களையும் வேண்டாம் என்றே சொல்வேன். மீட்டரின் முகப்பில் 'கேட் 3, 600 வோல்ட்' என்ற பாதுகாப்பு வகை அச்சிட்டிருக்க வேண்டும். மெயின் போர்டு பக்கத்தில் அளப்பதற்கு உகந்த வகை அது. சோதனைக் கம்பிகளின் மேலுறையில் கீறலோ வெடிப்போ இருந்தால் கம்பிகளை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது ஏ.சி. மட்டும் அளப்பதா, டி.சி.யும் அளப்பதா என்று கேளுங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் ஏ.சி. மட்டும்தான். வீட்டு வேலைக்கு அதுவே போதும். இன்வெர்ட்டர் பேட்டரி, சோலார் பேனல் பக்கம் போவதாக இருந்தால் டி.சி.யும் வேண்டும்.

இன்னொன்றும் தேவை: அரை மீட்டர் நீளமுள்ள ஒரு சோதனை எக்ஸ்டென்ஷன். 16 ஆம்ப் பிளக், இரண்டு சாக்கெட், இரண்டரை ஸ்கொயர் எம்.எம். ஒயர். வெளி உறை இல்லாமல் மூன்று ஒயரும் தனித்தனியாகத் தெரியும்படி, ஆனால் ஒவ்வொன்றின் மேலும் உள்ள பிளாஸ்டிக் உறை சேதமில்லாமல் இருக்க வேண்டும். எலெக்ட்ரிகல் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். எனக்கு 450 ரூபாய் ஆனது. இது ஏன் வேண்டும் என்பது ஐந்தாவது படியில் புரியும்.

3. அளப்பதற்கு முன் திரட்ட வேண்டிய எண்கள்

மீட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் இவற்றைக் குறித்து வையுங்கள். சாதனத்தின் லேபிளில் உள்ள வோல்ட், வாட். அந்த லைனுக்கான எம்.சி.பி.யில் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) உள்ள எண்: சி16 என்றால் 16 ஆம்பியர், சி10 என்றால் 10. ஒயரின் தடிமன்: ஒயரின் உறை மேலேயே அச்சிட்டிருக்கும், மெயின் போர்டு மூடியைத் திறக்கும் எலெக்ட்ரீஷியனிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மெயின் போர்டிலிருந்து அந்த சாக்கெட் வரை ஒயர் ஓடும் தூரம்: சுவர் ஏறி இறங்குவதையும் சேர்த்து டேப்பால் அளந்து வையுங்கள். ஈ.பி. வெள்ளை அட்டையில் உள்ள மின் இணைப்பு எண்ணும், அனுமதிக்கப்பட்ட லோடும்.

லேபிளைப் படிக்கும்போதே சில இடங்களில் ஏமாந்துவிடுவோம். ஒன்றரை டன் ஏசி என்பது குளிர்விக்கும் அளவு. ஒரு டன் என்றால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன், அது இழுக்கும் கரண்ட் அல்ல. மோட்டாரில் எழுதியிருக்கும் எச்.பி. தண்டில் கிடைக்கும் வேலை. 1 எச்.பி. என்பது 746 வாட் என்றாலும் மோட்டார் இழுப்பது அதைவிட நன்றாகவே கூடுதல். மைக்ரோவேவில் 800 வாட் என்பது உணவுக்குப் போய்ச் சேர்வது. இன்வெர்ட்டர் பெட்டியில் இருப்பது வாட் அல்ல, வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்; வாட்டிலிருந்து இது எப்படி மாறுபடும் என்பது எட்டாவது படியில்).

4. வோல்ட் அளப்பது

மீட்டரை ஏ.சி. வோல்ட் நிலையில் வையுங்கள். கறுப்புக் கம்பி 'காம்' துளையில், சிவப்புக் கம்பி வோல்ட் துளையில். இதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இங்கேதான் உயிருக்கே ஆபத்தான தவறு நடக்கிறது. சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது அதை சாக்கெட்டில் நுழைத்தால், மீட்டர் வெறும் கம்பித்துண்டு மாதிரி ஆகிவிடும். பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் ஒயர்) நேராக முட்டிக்கொள்ளும். மலிவான மீட்டர் கையிலேயே வெடிக்கும். மல்டிமீட்டரின் அந்த ஆம்பியர் துளையை நான் டேப் ஒட்டி அடைத்தே வைத்திருக்கிறேன். வீட்டு மெயின் கரண்டில் ஆம்பியர் அளக்கக் கிளாம்ப் மட்டும்தான்.

சாக்கெட்டை நேராகப் பார்த்து நின்றால் மேலே பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மூன்று அளவுகள் எடுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் சுற்றி இருக்கும். மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது 216 முதல் 244 வரை வந்தால் கவலை இல்லை. பேஸ்–எர்த் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் வரவே இல்லை என்றால் அந்த சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

திடீரென 270, 280 என்று காட்டினால், அல்லது சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்து சில மங்கினால், நியூட்ரல் எங்கோ விட்டிருக்கலாம். அளந்துகொண்டு நிற்காதீர்கள். மெயினை இறக்கிவிட்டு ஈ.பி.க்குச் சொல்லுங்கள்.

கை ஈரமாக இருக்கக் கூடாது. காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். மெயின் போர்டின் மூடியைத் திறந்து அளக்க வேண்டிய இடம் வந்தால் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். எண்களை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஆம்பியர் அளப்பது

கிளாம்பின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும். முதன்முறை நான் கீசரின் முழு ஒயரையும் கவ்விப் பார்த்தேன். 0.00 என்று வந்தது. மீட்டர் பழுது என்று நினைத்தேன். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன, அதனால்தான் சுழி. சோதனை எக்ஸ்டென்ஷனில் ஒயர்கள் தனித்தனியாக இருக்கச் சொன்னது இதற்குத்தான். பேஸ் ஒயரை மட்டும் வாயின் நடுவில் வைத்து மூடுங்கள். வாய் முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன சாதனங்களுக்கு ஒரு உபாயம் உண்டு. எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் போன்றவை இழுக்கும் கரண்ட் கிளாம்ப் மீட்டருக்குச் சரியாகத் தெரியாது. மெல்லிய ஒயரை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி அளந்து, வந்ததைப் பத்தால் வகுங்கள். 0.9 என்று காட்டினால் உண்மை 0.09 ஆம்பியர்.

கீசரை அளக்கும்போது தண்ணீர் ஏற்கெனவே சூடாகியிருந்தால் தெர்மோஸ்டாட் வெட்டிவிட்டிருக்கும். அப்போதும் சுழிதான் வரும். கொஞ்சம் வெந்நீரைத் திறந்துவிட்டு மறுபடி அளங்கள்.

6. சாதனம் நல்லதா, லேபிள் உண்மையா

இப்போது இரண்டையும் சேருங்கள். சோதனை எக்ஸ்டென்ஷனின் ஒரு சாக்கெட்டில் கீசர், இன்னொன்றில் வோல்ட் கம்பிகள், பேஸ் ஒயரில் கிளாம்ப். கீசர் ஓடும்போது எங்கள் வீட்டில் வந்தது: 212 வோல்ட், 8.0 ஆம்பியர்.

212 ÷ 8.0 = 26.5 ஓம். லேபிள் கணக்கில் வந்த 26.4க்கு அப்படியே பொருந்துகிறது. காயில் நல்ல காயில். 212 × 8.0 = 1,696 வாட். 2000 வாட் வர வேண்டிய இடத்தில் 300 வாட் குறைகிறது, ஆனால் குறை கீசரில் இல்லை. அதற்கு வந்து சேரும் வோல்ட்டில்தான் இருக்கிறது.

காயிலைக் கரண்ட் இல்லாமலேயும் சோதிக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, பிளக்கின் கீழ்ப் பின்கள் இரண்டிலும் கம்பிகளை வையுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்து தெர்மோஸ்டாட் இணைப்பில் இருந்தால் 26 ஓம் வரும். அப்புறம் கீழ்ப் பின் ஒன்றுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே வையுங்கள். எதுவும் காட்டக் கூடாது. அங்கே சில ஆயிரம் ஓம் என்று காட்டினாலே காயிலில் கசிவு இருக்கிறது, அந்தக் கீசரைப் போடாதீர்கள். மொத்தம் ஒரு நிமிட வேலை. இது தெரிந்திருந்தால் என் 1,150 ரூபாய் மிஞ்சியிருக்கும். கரண்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஓம் அளக்கவே கூடாது.

இழை விளக்கை இந்த முறையில் சோதித்துக் குழம்பாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். இழை சூடேற ஏற மின்தடை கூடுகிறது. கீசர், அயர்ன் பாக்ஸ் காயில்களின் நிக்ரோம் கலவையில் இந்த மாற்றம் மிகச் சிறிது.

7. ஒயருக்குள் ஒளிந்திருக்கும் மின்தடை

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். நிதானமாகப் படியுங்கள்.

கீசரை அணைத்துவிட்டு அதே இடத்தில் வோல்ட் பார்த்தேன்: 226. போட்டால் 212. ஆக 14 வோல்ட் வழியில் எங்கோ விழுகிறது. 14 ÷ 8.0 = 1.75 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து என் பிளக் வரை உள்ள பாதையின் மொத்த மின்தடை அது.

இனி பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். கீசர் ஓடும்போது மெயின் போர்டில், ஈ.பி. மீட்டருக்கு அடுத்து, எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்தேன்: 224. ஆக வெளி லைனில் விழுவது 2 வோல்ட்தான். மீதி 12 வோல்ட் என் வீட்டுக்குள். அடுத்து, கீசர் போர்டிலேயே பக்கத்தில் இருந்த 5 ஆம்ப் சாக்கெட்டில் பார்த்தேன்: 215. ஆகவே மெயினிலிருந்து அந்த போர்டு வரை 9 வோல்ட். போர்டின் ஸ்விட்ச், பவர் சாக்கெட் இரண்டிலும் சேர்த்து 3 வோல்ட்.

அந்த 9 வோல்ட்டில் நியாயமாக ஒயர் எவ்வளவு எடுக்கும்? எங்கள் வீட்டில் கீசருக்கு ஓடியது ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயர், தூரம் 18 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால் 36 மீட்டர். பலரும் இந்த இரண்டால் பெருக்குவதை விட்டுவிடுகிறார்கள். பல இழைச் செம்பு ஒயர்களின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், 1,000 மீட்டருக்கு இவ்வளவு இருக்கலாம்:

1 ஸ்கொயர் எம்.எம். – 19.5 ஓம்
1.5 ஸ்கொயர் எம்.எம். – 13.3 ஓம்
2.5 ஸ்கொயர் எம்.எம். – 7.98 ஓம்
4 ஸ்கொயர் எம்.எம். – 4.95 ஓம்

36 × 13.3 ÷ 1000 = 0.48 ஓம். 8 ஆம்பியருக்கு 3.8 வோல்ட். 9இல் இதைக் கழித்தால் 5.2 வோல்ட் கணக்கில் வராமல் நிற்கிறது. ஒயரில் இல்லை என்றால் ஜாயிண்டில்தான்.

5.2 × 8 = ஏறத்தாழ 42 வாட். சாக்கெட்டில் 3 × 8 = 24 வாட். ரேடியோ ரிப்பேர் செய்பவர் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை சாக்கெட்டுக்குள் ஒன்றும், சுவருக்குள் ஒன்றரை பங்குக்கும் மேல் இன்னொன்றுமாக வைத்து தினமும் காலையில் அரை மணி நேரம் எரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பிளக் சுட்டதில் ஆச்சரியமே இல்லை.

பேஸ் பக்கமா நியூட்ரல் பக்கமா என்பதையும் கண்டுபிடிக்கலாம். கீசர் இல்லாதபோது அந்த போர்டில் நியூட்ரல்–எர்த் 1 வோல்ட். கீசர் போட்டதும் 9 வோல்ட். எர்த் ஒயரில் கரண்ட் ஓடாததால் அதில் எதுவும் விழாது. அந்த ஏற்றம் முழுக்க நியூட்ரலில் விழுவது. ஆக, நியூட்ரல் ஜாயிண்ட். ஹாலில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்த நியூட்ரல் ஜாயிண்ட் கரியாகி, உறை உருகி ஒட்டிக்கிடந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். கெட்ட ஜாயிண்ட் மின்தடையைக் கூட்டுகிறது, அதனால் கரண்ட் குறையத்தான் செய்கிறது. 8.7 ஓட வேண்டிய இடத்தில் 8 ஓடியது. எம்.சி.பி.யின் பார்வையில் எல்லாம் சரி. கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதைப் பார்க்காது, ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை. தளர்ந்த ஜாயிண்டை உங்களுக்குக் காட்டிக்கொடுப்பது இந்த வோல்ட் வித்தியாசம்தான். எம்.சி.பி. இருக்கிறதே என்று தயவுசெய்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அளவு எடுக்கும்போது சில விஷயங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மீட்டரைப் பயன்படுத்துங்கள். மலிவு மீட்டர் ஓரிரு வோல்ட் கூடக்குறையக் காட்டினாலும் வித்தியாசத்தில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். லைன் வோல்ட் தானாகவே ஆடும், அதனால் போட்டு அணைத்து மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கீசரைப் போட்டவுடன் ஒரு முறை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை அளங்கள். வோல்ட் வீழ்ச்சி நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போனால் ஜாயிண்ட் சூடாகித் தளர்கிறது என்று பொருள். எனக்கு முதலில் 11 வோல்ட்தான் விழுந்தது. 14 ஆனது அப்புறம்தான்.

எவ்வளவு விழலாம்? என் கணக்கு இது: மெயின் போர்டிலிருந்து பவர் பிளக் வரை 5 வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் ஒயர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒயர் கணக்கைவிட 3 வோல்ட் கூடுதலாக விழுந்தால் ஜங்ஷன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

சரிசெய்ய ஆன செலவு: ஜாயிண்ட் இல்லாமல் ஒரே ஓட்டமாக இரண்டரை ஸ்கொயர் ஒயர் இழுத்தோம். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 54 மீட்டர் போக மீதி மோட்டார் லைனுக்கு ஆனது. 90 மீட்டர் சுருள் 2,800 ரூபாய், 16 ஆம்ப் ஸ்விட்ச் சாக்கெட் 380, கூலி 1,200. ஒரு பகல் வேலை. முடிந்ததும் மறுபடி அளந்தேன்: 221 வோல்ட், 8.35 ஆம்பியர், 1,845 வாட். பிளக் குளிர்ந்திருக்கிறது. இப்படிச் செய்வதால் பில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 12 × 8 = 96 வாட் வீணாவது பெருமளவு நின்றதில் இரண்டு மாதத்துக்கு 2, 3 யூனிட்தான் மிச்சம். செலவழித்தது தீ பிடிக்காமல் இருக்க.

8. மோட்டார், ஏசி, பிரிட்ஜ்: கணக்கு ஏமாற்றும் இடம்

இதுவரை சொன்னது சூடேற்றும் சாதனங்களுக்கு. மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்காது, வி.ஏ.தான் கிடைக்கும். அதைப் பவர் ஃபேக்டரால் (வி.ஏ.யில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பதைக் காட்டும் எண்) பெருக்கினால்தான் வாட். எங்கள் 1 எச்.பி. தண்ணீர் மோட்டார் 222 வோல்ட்டில் 6.8 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1,510. உண்மையான வாட் 1,145தான் (எப்படித் தெரியும் என்பது அடுத்த படியில்). 1,145 ÷ 1,510 = 0.76, அதுதான் பவர் ஃபேக்டர்.

அதேபோல் ஓடும் மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது காயில் கம்பியின் மின்தடை அல்ல. அதைக் கொண்டு "காயில் போய்விட்டது" என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் ஒயரையும் எம்.சி.பி.யையும் தேர்ந்தெடுக்க நீங்கள் அளந்த ஆம்பியரையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒயர் சூடாவது ஆம்பியரால்தான், பவர் ஃபேக்டர் எதுவாக இருந்தாலும்.

இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் பவர் ஃபேக்டர் தொல்லை இல்லை, பெருக்கினால் நேராக வாட். ஆனால் 12 வோல்ட்டில் 600 வாட் எடுக்க 50 ஆம்பியர் ஓட வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்து 0.01 ஓம் சேர்ந்தாலே 25 வாட் அங்கே சூடாகிறது. மாதம் ஒரு முறை துடைத்து, முறுக்கி, வாசலின் தடவுங்கள்.

9. ஈ.பி. மீட்டரையே வாட் மீட்டராக்குவது

இதற்குக் காசே வேண்டாம். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. வேறு எண்ணும் இருக்கலாம், உங்களுடையதைப் பாருங்கள்.

சிமிட்டல் × 36,00,000 ÷ (ஒரு யூனிட்டுக்கான சிமிட்டல் எண் × விநாடி) = வாட்.

3200 என்றால் இது சுருங்கி, சிமிட்டல் × 1125 ÷ விநாடி ஆகிவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டு, செல்போனில் 30 விநாடி வீடியோ எடுத்து எண்ணினேன். 48 சிமிட்டல். 48 × 1125 ÷ 30 = 1,800 வாட். மெயின் போர்டில் அளந்த 224 × 8.0 = 1,792. பொருந்துகிறது. மோட்டாருக்கு ஒரு நிமிடத்தில் 61 சிமிட்டல் வந்தது, அதாவது ஏறத்தாழ 1,145 வாட். பவர் ஃபேக்டரை மீட்டர் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் இது உண்மையான வாட்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டினால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அது இன்வெர்ட்டர்.

வாட்டை 1000ஆல் வகுத்து ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில், முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடும். 490இல் நிற்கும் வீடு என்றால் எந்தச் சாதனம் எத்தனை யூனிட் என்று இந்த முறையில் கணக்கெடுப்பது நேராகப் பணம்.

10. எப்போது அளப்பது

ஒரு நாள் அளந்து முடிவுக்கு வராதீர்கள். காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளை, ஒரு வாரம். கோடையில் இரவு பத்து மணிக்கு ஏசிகள் எல்லாம் ஓடும்போது இன்னொரு முறை. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், இடம், லோடு இல்லாத வோல்ட், லோடோடு வோல்ட், ஆம்பியர். 21 வரி சேர்ந்துவிட்டால் பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தாளே சொல்லிவிடும்.

11. யாரிடம், எப்படிச் சொல்வது

லோடே இல்லாதபோதும் மெயின் போர்டில் 216க்குக் கீழே வந்தால், அல்லது உங்கள் கீசரைப் போட்டதும் மெயின் போர்டிலேயே 8, 10 வோல்ட் விழுந்தால், விஷயம் வெளி லைனில் இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் ஒரு அளவு எடுங்கள். அங்கும் குறைவு என்றால் லைன் அல்லது டிரான்ஸ்ஃபார்மர். அங்கு சரியாக இருந்தால் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரின் இணைப்பு. மின்னகம் எண் 94987 94987இல் புகார் பதியும்போது இணைப்பு எண்ணோடு இந்த அளவுகளையும் சொல்லுங்கள். "லோ வோல்டேஜ்" என்று மட்டும் சொல்லாமல், "இரவு 8 மணிக்கு லோடு இல்லாமல் 198, பக்கத்து வீட்டிலும் 199" என்று சொல்லுங்கள். புகார் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். கம்பம், மீட்டர், மீட்டருக்கு முந்தைய ஒயர் எதையும் நீங்களோ உங்கள் எலெக்ட்ரீஷியனோ தொடக் கூடாது.

வீட்டுக்குள் என்றால் எலெக்ட்ரீஷியனிடம் "கீசர் சரியில்லை" என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் கீசரைத்தான் கழற்றுவார். "மெயினில் 224, போர்டில் 215, நியூட்ரல்–எர்த் 9, ஒயர் கணக்குப்படி 4 வோல்ட்தான் விழணும்" என்று தாளைக் கொடுங்கள். எங்களுக்கு வேலை செய்தவர் தாளைப் படித்துவிட்டு கீசர் பக்கமே போகவில்லை. நேராக ஹாலுக்கு ஏணியைக் கொண்டுபோய் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன் அவர் முன்னாலேயே மறுபடி போட்டு அளந்து, புது அளவுகளைப் பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு மெயின் போர்டு கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.